அண்ணன் வேண்டாமென்ற வேலை

அத்தியாயம் 11

நியமனக் கடிதம் வந்த அன்று நிசாந்தன் ஒரே ஒரு சொல்தான் சொன்னான். "வேண்டாம்." சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனான். ஏன் என்று அம்மா கேட்டாள். அவன் மனைவி பவதாரணி கேட்டாள். கடிதம் யாருக்கு வந்ததோ, அந்தத் தங்கை கம்சிகா மட்டும் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த பிறகு மூன்று வருடமாக நாரந்தனையில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் சொல்லிக் கொடுத்துக்கொண்டே அவள் வேலை தேடினாள். பரீட்சை எழுதி, கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போய், யாருடைய சிபாரிசும் இல்லாமல் கிடைத்த முதல் வேலை இது. அதுவும் அண்ணன் ஒன்பது வருடமாக இருக்கிற அதே காப்புறுதிக் கம்பனி, அதே ஊர்காவற்றுறைக் கிளை. அவன் வீடு வீடாகப் போய்க் காப்புறுதி விற்கிறவன். அவள் உள்ளே மேசையில் இருந்து, நட்டஈடு கேட்டு வருகிற கிளெய்ம்களைப் பார்க்கப் போகிறவள். அவனுக்குச் சோறு போட்ட இடம் அவளுக்கு மட்டும் ஏன் ஆகாது?

சம்மதமா இல்லையா என்று இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் நிசாந்தன் மோட்டார் சைக்கிளை முற்றத்துக்கு இறக்கியபோது, கம்சிகா அண்ணியின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படலையடியில் நின்றாள்.

"எங்க வெளிக்கிட்டனீ?"

"உங்களோடதான். நீங்கள் போற இடமெல்லாம் இண்டைக்கு நானும் வாறன்."

"ஏன்?"

"நீங்கள்தான் ஏன் எண்டு சொல்லேல்லையே. நானே பாத்திட்டு வாறன். பாத்திட்டு வந்து எனக்கும் வேண்டாம் எண்டு பட்டால், உங்களுக்கு நிம்மதிதானே."

நிசாந்தன் குசினிப் பக்கம் பார்த்தான். அம்மா சறோஜினிதேவி இரண்டு வயதுப் பேத்தியை இடுப்பில் வைத்தபடி இடியப்பத் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். "கூட்டிக்கொண்டு போவன்," என்றாள், திரும்பிப் பாராமலே. "ஒரு நாளில தேஞ்சு போகமாட்டாய்."

பவதாரணி வேலணைப் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, முதல்ல நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் கம்சிகா. "இன்சூரன்ஸ்காரன்ர மனுசியா இருக்கிறதில என்ன நல்லம், என்ன கூடாது?"

"கூடாததை முதல் சொல்லவோ?" பவதாரணி புருசனைக் கடைக்கண்ணால் பார்த்தாள். "கலியாண வீட்டுக்குப் போனால் எங்களுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாத்தான் கிடக்கும். போன கிழமை கோயில்ல ஒராளிட்ட இவர் 'சுகமா இருக்கிறியளோ' எண்டு கேட்டார். அந்தாள் 'ஏன் தம்பி கேக்கிறீர்' எண்டுது."

நிசாந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"மாசக் கடைசி வந்தால் இந்தாளோட கதைக்க ஏலாது. பாதிச் சாப்பாட்டில போன் வரும். சோறு காயும்." அவள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தாள். "நல்லதும் சொல்ல வேணும். சின்னவள் பிறந்து ரெண்டு கிழமை ஆஸ்பத்திரியில கிடக்கேக்குள்ள ஒரு பில்லையும் நாங்கள் கட்டேல்லை. கம்பனிதான் கட்டினது. அதைச் சொல்லாட்டில் பொய்."

கம்சிகா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

*

கிளை என்றால் பெரிய கட்டிடம் ஒன்றுமில்லை. கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. யன்னலைத் திறந்தால் கடலும் காற்றும் உள்ளே வரும். காகிதம் பறக்குமென்று யாரும் திறப்பதில்லை. முகாமையாளர் பரமலிங்கம் கூட்டமொன்றுக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். முன்மேசையில் மனோகரி இருந்தாள். இந்தக் கிளை திறந்த நாளிலிருந்து அவள் அந்தக் கதிரையில்தான் இருக்கிறாள். அவளுக்கு எதிரே நிலக்ஷன் என்ற இளைஞன், விற்பனைக்குச் சேர்ந்து ஆறு மாதமானவன், ஷேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான்.

கம்சிகா வந்த காரணத்தைச் சொன்னதும் இருவரும் உற்சாகமாகிவிட்டார்கள். அவர்களிடம் இப்படி யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"எனக்குப் பிடிச்சது, ஒருத்தரும் எட்டு மணிக்குக் கையெழுத்து வை எண்டு வாசல்ல நிக்கமாட்டினம்," என்றான் நிலக்ஷன். "மழை பெஞ்சால் விடும்வரைக்கும் தேத்தண்ணிக் கடையில இருக்கலாம். என்ர வயசில இந்தத் தீவில வேற எந்த வேலையில அது ஏலும்?"

"பிடிக்காதது?"

"சொந்தக்காரர்." அவன் யோசிக்கவே இல்லை. "சேர்ந்த புதுசில 'முதல்ல சொந்தத்தில பத்துப் பேரைப் பிடி' எண்டினம். மாமா வீட்டை போனனான். மாமி வந்து 'மாமா இல்லை, வேலணைக்குப் போட்டார்' எண்டு சொன்னா. மாமாவின்ர செருப்பு வாசல்ல கிடக்கு. நானும் பாக்கிறன், மாமியும் பாக்கிறா. ரெண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை."

மனோகரி சிரித்தாள். நிசாந்தன் சிரிக்கவில்லை. அவனுடைய போன் அடித்தது. அவன் யன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினான்.

"ஓம் சேர்… ஓம் சேர்… இல்லை சேர், இந்த மாசம் மீன்பாடு குறைவு, ஆக்களிட்ட… ஓம் சேர். விளங்குது சேர்."

போனுக்கு வெளியே கேட்ட குரலை வைத்தே கம்சிகாவுக்குத் தெரிந்தது, மாத விற்பனையைக் கேட்டு விரட்டுகிற அந்தக் கொழும்பு அதிகாரி இவனைவிட வயதில் குறைந்தவர். வீட்டில் அவன் குரல் இப்படி இறங்கி அவள் கேட்டதில்லை. அவன் போனை வைத்துவிட்டு நிலக்ஷனைக் கூப்பிட்டு, இந்தக் கிழமை எந்த எந்த வீடு என்று கேட்டான். மேலே இருந்து வந்த சூட்டை அவன் கீழே இறக்கவில்லை. "பதறாமல் செய்யும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

பிறகு மண்டைதீவுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரு கடிதத்தை எடுக்க அவன் உள் அறைக்குப் போனான். மனோகரி கதிரையை இழுத்துக் கம்சிகாவுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"நான் சொல்லவோ பிள்ளை? இந்த வேலையில கஷ்டம், நாங்கள் எடுக்காத முடிவுக்கு நாங்கள் பேச்சு வாங்குறது. கொழும்பில ஒராள் 'இல்லை' எண்டு எழுதுவார். அவற்ற முகம் ஒருத்தருக்கும் தெரியாது. என்ர முகம்தான் இஞ்ச இருக்கு. ஒரு மனுசி இந்த மேசையில கையால அடிச்சுப்போட்டு அழுதிருக்கு. அண்டைக்கும் நான் பின்னேரம் கணக்கு முடிச்சுப்போட்டுத்தான் வீட்டை போனனான்."

"பேந்தும் ஏனக்கா இருக்கிறியள்?"

"சம்பளம் மாசம் பிசகாமல் வருது. அம்மாவின்ர கண் ஒப்பரேசன் இவையின்ர காசில செய்தனான். அதோட, கிடைக்கிற காசைக் கையில குடுக்கிற நாளும் இருக்கு. செத்த வீட்டுக்குப் பிறகு சொந்தக்காரரே வராத வீட்டுக்கு நாங்கள் போயிருக்கிறம். அந்த ஆக்கள் இப்பவும் சந்தையில என்னைக் கண்டால் நிண்டு கதைச்சுப்போட்டுத்தான் போகுங்கள்." கம்சிகாவின் கையைத் தட்டினாள். "நீர் வாறது எனக்குச் சந்தோசம். ஆனால் உம்முடைய அண்ணைக்கு மாற்றம் வரப்போகுது எண்டுதான் மனசு கேக்குதில்லை."

"என்ன மாற்றம்?"

மனோகரியின் கை நின்றது. "சொல்லேல்லையே அவர்?"

"இல்லை."

உள் அறைக் கதவைப் பார்த்துவிட்டு மனோகரி குரலைத் தணித்தாள். "ஒரு குடும்பத்தில ஒராள் விக்க, மற்றாள் கிளெய்ம் பாக்க, ஒரே கிளையில இருக்கேலாது. கம்பனிச் சட்டம். நீர் இஞ்ச வந்தால் அவர் வவுனியாவுக்கு. பரமலிங்கம் சேர் போன கிழமையே சொல்லிப்போட்டார்."

நிசாந்தன் கடிதத்தோடு வெளியே வந்தான். "போவமோ?" என்றான்.

கம்சிகா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். "போவம்," என்றாள்.

*

மண்டைதீவுக்குப் போகிற வழியெல்லாம் நிசாந்தனை யாராவது மறித்துக்கொண்டிருந்தார்கள். சரவணையில் ஒரு கடைக்காரர் வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைக் காட்டி என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டார். வேலணையில் ஒருவர் மகளுக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல கண் வைத்தியர் யார் என்று விசாரித்தார். அல்லைப்பிட்டியில் ஒரு கிழவர் மறித்தது, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பது யார் என்று கேட்க. இவர்களில் ஒருவரும் அன்று காப்புறுதியைப் பற்றிப் பேசவில்லை. அவனும் பேசவில்லை.

யாக்கோப்புவின் வீடு கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் இருந்தது. யாக்கோப்பு கடற்றொழிலாளி. மூன்று மாதத்துக்கு முன் வள்ளத்தைக் கரையில் இழுத்தபோது கயிறு சுற்றி, அவருடைய இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் போய்விட்டன. விபத்துக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தவன் நிசாந்தன். கம்பனியின் முடிவு நேற்று வந்திருந்தது. அதைத் தபாலில் அனுப்பினால் போதும். நிசாந்தன் இப்படிப்பட்ட முடிவுகளைத் தபாலில் அனுப்புவதில்லை.

யாக்கோப்பு முற்றத்துப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். அவருடைய மனைவி மேரிறோஸ் வலை விரித்த இடத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"காசு வருது அண்ணை," என்றான் நிசாந்தன், உட்காராமலே. "ஆனால் நீங்கள் நினைச்ச அளவு வராது. முழுக் கை போனால்தான் முழுத் தொகை. விரலுக்கு வேற கணக்கு."

யாக்கோப்பு தலையாட்டினார். மேரிறோஸ்தான் கேட்டாள்.

"விரலுக்குக் கணக்குப் போட்டு வைச்சிருக்கிறியளோ?"

"ஓம் அக்கா. ஒவ்வொரு விரலுக்கும் இருக்கு."

"பெருவிரலுக்குக் கூட, சின்ன விரலுக்குக் குறையவோ?"

"ஓம்."

"சேர்க்கேக்குள்ள நீர் இதைச் சொல்லேல்லை."

"சொன்னனான் அக்கா. வாசிச்சும் காட்டினனான்."

"வாசிச்சிருப்பீர். விரல் போகும் எண்டு நினைச்சே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தனாங்கள்?" அவள் சத்தம் போடவில்லை. அதனால்தான் நிசாந்தனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு அவள் கம்சிகாவைப் பார்த்தாள். "இவா ஆர்?"

"என்ர தங்கச்சி. எங்கட கம்பனியில வேலை கிடைச்சிருக்கு."

"எந்தப் பக்கம்? குடுக்கிற பக்கமோ, வெட்டுற பக்கமோ?"

நிசாந்தன் பதில் சொல்ல வாயெடுத்தான். கம்சிகா முந்திக்கொண்டாள். "கணக்குப் பாக்கிற பக்கம் அக்கா."

"அப்ப வடிவாப் பாரும்." மேரிறோஸ் புருசனின் இடது கையைப் பிடித்து நீட்டினாள். காயம் ஆறியிருந்தது, தோல் மட்டும் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் வலையடியில் கிடந்த கயிற்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். "பிடியுங்கோ."

யாக்கோப்பு கூச்சத்தோடு பிடித்தார். மேரிறோஸ் லேசாக இழுத்தாள். கயிறு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"எந்தக் கையால அண்ணை நீங்கள் இழுக்கிறது?" என்று கம்சிகா கேட்டாள்.

"ரெண்டாலும்தான் பிள்ளை. வலது கை இழுக்கும். இதுதான் பிடிச்சு நிப்பாட்டுறது."

"அங்க முடிவு எழுதினவை இந்தக் கையைப் பாத்தவையோ?" என்றாள் மேரிறோஸ்.

"படம் அனுப்பினனாங்கள்," என்றான் நிசாந்தன்.

"படத்தில கயிறு இல்லைத்தானே."

கோழி ஒன்று வலையின் மேல் நடந்து போனது. மேரிறோஸ் அதை விரட்டவில்லை.

"மேலிடத்துக்கு ஒருக்கா எழுதிப் பாக்கலாம்," என்றான் நிசாந்தன் கடைசியில். "வரும் எண்டு நான் சொல்லமாட்டன்."

"எழுதும்," என்றாள் மேரிறோஸ். திரும்பிப் போய் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவன் தேத்தண்ணி குடிக்காமல் வெளிக்கிட்டது அன்றுதான் முதல் தரம்.

யாக்கோப்பு படலை மட்டும் கூட வந்தார்.

"அவள் கதைச்சதை மனசில வையாதையும் தம்பி."

"அவா கதைச்சதில பிழை ஒண்டும் இல்லையண்ணை."

"அடுத்தமுறையும் நீர்தானே வருவீர்? வேற ஆரையும் அனுப்பிப்போடாதையும். வேற ஆக்களை இவள் படலையிலயே நிப்பாட்டிப்போடுவாள். உம்மோட எண்டால் ஏசியெண்டாலும் கதைப்பாள்."

நிசாந்தன் ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தான். அது சாதாரணமாக ஒரு நொடியில் பூட்டுகிற வார். அன்று அவனுக்கு நெடுநேரம் பிடித்தது. யாக்கோப்பு பதிலுக்குக் காத்து நின்றார். கம்சிகா அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போட்டு வாறம் அண்ணை," என்றான் அவன்.

*

அல்லைப்பிட்டி வருமுன், இரண்டு பக்கமும் கடல் தெரிகிற இடத்தில், "நிப்பாட்டுங்கோ அண்ணா," என்றாள் கம்சிகா.

அவன் ஓரமாக நிறுத்தினான். காற்று பலமாக அடித்தது. ஆழமில்லாத தண்ணீரில் ஒருவர் இடுப்பளவில் நின்று கூட்டு வலையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வவுனியாவுக்கு மாற்றம் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மனோகரி அக்காவோ சொன்னது?"

"ஆர் சொன்னால் என்ன. நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ விட்டிடுவாய்."

"வேண்டாம் எண்டு சொன்னால் மட்டும் விடமாட்டனோ?"

நிசாந்தன் கைப்பிடியில் கையை வைத்தபடி கடலைப் பார்த்தான். "கம்சி, உள்ளதைச் சொல்லுறன். எனக்குப் போக விருப்பமில்லை. பரமலிங்கம் சேர் சொன்ன நேரம் என்ர வாயில முதல்ல வந்தது 'என்ர தங்கச்சிக்கு வேலை' எண்டு இல்லை. 'ஐயோ, என்ர றோட்டு' எண்டுதான். அதுக்குப் பிறகு எனக்கே வெக்கமாப் போச்சு. உன்னை வேண்டாம் எண்டது உனக்காகவோ எனக்காகவோ எண்டு நானே இன்னும் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்."

அவள் எதிர்பார்த்தது இதுவல்ல. ஏதாவது சாட்டுச் சொல்லுவான், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று நினைத்திருந்தாள்.

"இந்த வேலையில உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்றாள். "காலமை தொடங்கி எல்லாரிட்டயும் கேட்டனான். உங்களிட்டக் கேக்கேல்லை."

"பிடிக்காததெல்லாம் நீ பாத்திட்டாய். அந்தப் போன். மேரிறோஸ் அக்காவுக்கு முன்னால நிண்டது." அவன் தோளைக் குலுக்கினான். "பிடிச்சதும் பாத்தனிதானே. என்னைக் கண்டால் மறிக்கினம். ஒரு அலுவலும் இல்லாமல் மறிக்கினம். தொடக்கத்தில இந்த ஆக்கள்தான் என்னைக் கண்டு ஒளிச்சவை. ஒன்பது வருசம் எடுத்தது, அவை மறிக்க. வவுனியாவில போய் முதல்ல இருந்து ஒளிக்கப் பண்ண வேணும்."

கம்சிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு கண் கலங்கியது. காற்றுக்கு என்று நினைக்கட்டும் என்று துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அந்த வேலை வேணும் அண்ணா," என்றாள். "காலமை சம்பளத்துக்காக வேணும் எண்டிருந்தனான். இப்ப அந்தக் கையைப் பாத்திட்டன். நானும் ஒருவேளை அதே கணக்கைத்தான் எழுதுவன். ஆனால் போய்ப் பாத்திட்டு எழுதுவன்."

"தெரியும்."

"ஆனால் புதுசா வாற ஆள்தானே மாற வேணும்? பழைய ஆள் ஏன் மாற வேணும்? சேரிட நம்பரைத் தாங்கோ."

"என்ன செய்யப் போறாய்?"

"தாங்கோவன்."

பரமலிங்கம் அப்போதுதான் கூட்டம் முடிந்து வெளியே வந்திருந்தார். கம்சிகா தன்னை அறிமுகம் செய்துகொண்டு, வேறு கிளையில் அதே வேலைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டாள். காற்றில் அவர் சொல்வது சரியாகக் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"கிளிநொச்சியில ஒரு பிள்ளை விலகிப் போட்டுது," என்றார் அவர். "வடக்கில இப்ப அது ஒண்டுதான். திங்கட்கிழமை வேலைக்கு நிக்க வேணும். வீட்டில கேட்டிட்டு நாளைக்குச் சொல்லும் பிள்ளை."

"நான் வாறன் சேர். வீட்டில பேந்து கேக்கிறன்."

கிளிநொச்சி என்ற பெயரைக் கேட்டதும் நிசாந்தன் நிமிர்ந்தான்.

சண்டை நாட்களில் ஊரை விட்டு இடம்பெயர்ந்து அந்தக் குடும்பம் சில வருடம் இருந்தது அங்கேதான். கம்சிகா பிறந்ததும் அங்கேதான். அவள் தவழ்கிற வயதில் அப்பா சிவபாதம் காய்ச்சலில் விழுந்து இறந்ததும் அங்கேதான். நிசாந்தனுக்கு அப்போது பதினொரு வயது. பிறகு இரண்டு பிள்ளைகளோடு நாரந்தனைக்குத் திரும்பிய சறோஜினிதேவி, அந்த ஊரின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ் அந்த ஊரைக் கடக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். நித்திரை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

"வேற இடம் கேள்," என்றான் நிசாந்தன்.

"வேற இடம் இல்லையாம்."

"அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லப் போறாய்?"

கம்சிகா ஹெல்மெட்டைப் போட்டாள்.

*

பொழுதுபட எல்லோரும் குசினியில் இருந்தார்கள். புட்டும் மீன் குழம்பும். சின்னவள் தாயின் மடியில் இருந்து, தேங்காய்ப்பூவை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். கம்சிகா நடந்ததையெல்லாம் சொன்னாள். மாற்றத்தைச் சொன்னாள், மண்டைதீவைச் சொன்னாள், போனில் சம்மதித்ததைச் சொன்னாள். ஊரின் பெயரைச் சொல்கிற இடம் வந்ததும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பவதாரணி புருசனைப் பார்த்தாள். "வவுனியா எண்டு எனக்கும் சொல்லேல்லை," என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை என்பது நிசாந்தனுக்கு விளங்கியது.

சறோஜினிதேவி அடுப்பைத் தணித்தாள். குழம்புச் சட்டியை மூடினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"ஒபிஸ் எவடத்தில?" என்று கேட்டாள். "கந்தசுவாமி கோயிலடியோ, டிப்போச் சந்தியடியோ?"

கம்சிகாவும் நிசாந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதம்மா. கேக்க வேணும்."

"டிப்போச் சந்தியடி எண்டால் நல்லம். அங்கால தண்ணி நல்லம்." அவள் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தனிய இருந்து என்னத்தைச் சமைச்சுத் தின்னப் போறாய். நானும் வாறன்."

பவதாரணி சின்னவளை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவள் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும்வரை இந்தப் பிள்ளை வளர்வது மாமியின் இடுப்பில்தான்.

"அப்ப இவளை ஆர் மாமி பாக்கிறது?" என்றாள் மெதுவாக.

"இவளின்ர அப்பன் இஞ்சதானே இருக்கப் போறான்," என்றாள் சறோஜினிதேவி. "மாற்றமும் இல்லையாம். கையெழுத்து வைக்கிற வேலையும் இல்லையாம்."

நிசாந்தன் மகளைப் பார்த்தான். மகள் தேங்காய்ப்பூ ஒட்டிய கையை அவனிடம் நீட்டினாள்.

கம்சிகா கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்காக நீங்கள் அங்க வர வேண்டாமம்மா. நான் சமாளிப்பன். அந்த ஊர் உங்களுக்கு…"

"உனக்காக எண்டு ஆர் சொன்னது?"

சறோஜினிதேவி தனக்குக் கொஞ்சம் புட்டுப் போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றினாள். பிசைந்தாள். அவள் முகம் என்றைக்கும் போல அமைதியாக இருந்தது.

"எனக்கும் கிளிநொச்சியில ஒரு அலுவல் கிடக்கு," என்றாள். "கனகாலமாக் கிடக்கு."

"என்ன அலுவல் அம்மா?" என்றான் நிசாந்தன்.

"புட்டு ஆறுது," என்றாள் அவள். "சாப்பிடு."